பாவாடையை வெட்டியது யார்?

அந்த மனுவை எழுதியவள் நான்தான்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கோயில் திருவிழா. கரகாட்டம் ஆட வரும் பெண்கள் ஆபாசமான உடையில் ஆடுகிறார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, இதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று மகளிர் குழுவின் பேரில் மனு கொடுத்தோம். வாசகம் என்னுடையது. முதல் கையெழுத்தும் என்னுடையது. மனு பலித்தது. அடுத்த ஆண்டு கரகாட்டத்தை நிறுத்திவிட்டு விழாக் கமிட்டி பாட்டுக் கச்சேரி வைத்தது. பெண்கள் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை.

சில மாதம் கழித்து அரிமளம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையில் துணிப்பை, மடியில் தூங்குகிற பிள்ளை. முகத்தில் அரிதாரம் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, மனு குடுத்தது நீங்கதானாமே?"

நான் தலையாட்டினேன்.

"பாவாடைய நானாக்கா வெட்டுனேன்? சேலை கட்டி ஆடுற செட்டுன்னா யாரு அட்வான்ஸ் குடுக்குறா? போட்டோ அனுப்பு, டிரெஸ்ஸப் பாத்துட்டுத்தான் பேசுவோம்ங்குறாங்க. பேசி விட்டவங்கள விட்டுப்புட்டு எம்மேல மனு குடுத்திருக்கீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். தாமதமான பதில், அவளுக்கு மட்டுமல்லாமல், அந்த மனுவில் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கும் சேர்த்துச் சொல்லும் பதில்.

ஆடுகிறவளின் பாவாடையை வெட்டுவது யார்? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பேர்போன குட்டைப் பாவாடையிலிருந்து தொடங்கலாம். பாலே நடனத்தில் இடுப்பைச் சுற்றி விறைப்பாக விரிந்து நிற்குமே, அந்த டூட்டூ. இன்று நம் ஊர்ச் சிறுமிகளின் பிறந்தநாள் கவுனில் இருந்து பள்ளி ஆண்டு விழா வரைக்கும் அது வந்துவிட்டது. அதை யாரும் ஆபாசம் என்று சொல்வதில்லை. தேவதை உடை என்கிறோம்.

தேவதை உடையின் வரலாறு அவ்வளவு தெய்வீகமானதல்ல. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் ஆபெராவில் மரீ கமார்கோ என்ற நடனக்காரி, தன் காலின் வேகமான அடவுகள் வெளியே தெரிய வேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினாள். ஊர் அதிர்ந்தது. அவளுடைய காரணம் தொழில் சார்ந்தது: கால் தெரியாமல் கால் வேலை தெரியாது. 1832இல் 'லா சில்ஃபீத்' என்ற பாலேயில் மரீ டாக்லியோனி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே மணி போல் கவிந்து நிற்கும் வெள்ளை மெல்லிய துணியில் ஆடினாள். டூட்டூவின் முதல் வடிவம் அதுதான். நூற்றாண்டின் கடைசியில் பாவாடை தொடை வரை ஏறித் தட்டு போல விரிந்தது. டூட்டூ என்ற பெயரே, பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சு மழலைச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். தேவதை உடைக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பார்த்தவர்கள் யார்? பாரிஸ் ஆபெராவில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் போகும் உரிமை இருந்தது. நடனப் பெண்கள் உடம்பைத் தளர்த்திப் பழகும் கூடத்தில் இவர்கள் உட்கார்ந்து பேசலாம், பேரம் பேசலாம். ஏழை வீட்டுச் சிறுமிகள்தான் பெரும்பாலும் அங்கே ஆட வந்தார்கள். அவர்களை 'குட்டி எலிகள்' என்று அழைத்தார்கள். எட்கர் டெகாவின் பாலே ஓவியங்களைப் பாருங்கள். வெள்ளைப் பாவாடைப் பெண்களுக்கு அருகே, திரைச்சீலை ஓரத்தில், கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒரு ஆண் நிற்பான். பல சமயம் அவன் முகம்கூடத் தெரியாது. டூட்டூவுக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் அவன்தான்.

அந்த மெல்லிய துணிக்கு இன்னொரு குணம் உண்டு. பற்றி எரியும். மேடை விளக்குகள் அன்று எரிவாயுவின் திறந்த சுடர்கள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நட்சத்திரத்தின் பாவாடையில் தீப்பிடித்தது. மாதக்கணக்கில் துடித்து 1863 ஜூலையில் இறந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். துணியில் தீப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்துக் கரைசலில் நனைக்கும் முறை அப்போதே இருந்தது. நனைத்தால் துணி விறைத்து மங்கிவிடும் என்று அவள் மறுத்தாள். பொறுப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்திருந்தாள். அதைக் காட்டி இன்றும் சொல்கிறார்கள்: அவளே தேர்ந்தெடுத்தது.

இந்த 'அவளே தேர்ந்தெடுத்தது' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மங்கிய துணியோடு மேடை ஏறினால் மேகம் போல மிதக்கிறாள் என்று யாரும் எழுதப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மேகம் போல மிதக்காதவளுக்கு அந்த மேடையில் அடுத்த வேடம் இல்லை என்றும் தெரியும். திறந்த சுடரை மேடையில் வைத்தவர்கள் எந்தக் கடிதமும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எரிந்த உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஆபெராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, பாரிஸ் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மைப் பற்றி அவர்கள் கட்டிய கதையும் அந்த மேடையில்தான் ஆடப்பட்டது. 'பயதேர்' என்றால் அவர்கள் மொழியில் இந்தியக் கோயில் நடனக்காரி. 1830இல் பயதேர் வேடம் கட்டி ஆடியவள் அதே டாக்லியோனி. 1838இல் நிஜமான பயதேர்களே பாரிஸுக்குப் போனார்கள். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து கோயில் மரபைச் சேர்ந்த பெண்களையும் அவர்களுடைய இசைக்காரர்களையும் ஒப்பந்தம் பேசிக் கப்பலேற்றினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் 'அமனி' என்று எழுதி வைத்தார்கள். நம் வாயில் அது அம்மணியாக இருந்திருக்கலாம். தெயோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அவள் உடலைப் பற்றி உருகி எழுதினார்; ஒரு சிற்பி அவளைச் சிலையாக வடித்தார். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டு எழுதியவர் யாரும் இல்லை.

பிறகு 1877இல் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெடிபா 'லா பயதேர்' என்ற பாலேயை அரங்கேற்றினார். இன்று வரை உலகமெங்கும் ஆடுகிறார்கள். அதில் கோயில் நடனப் பெண் செத்து ஆவியாகிறாள். ஆவிகள் எல்லாம் வரிசை வரிசையாக வெள்ளை டூட்டூவில் இறங்கி வருகின்றன. நம் பெண்ணின் கதை, அவர்களுடைய குட்டைப் பாவாடை.

அதே காலத்தில் நிஜமான தேவதாசி என்ன உடுத்தினாள்? 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் இருக்கின்றன. உடம்பைப் பிடித்த ரவிக்கை. காலில் கணுக்கால் வரை பைஜாமா. அதற்கு மேல் கனத்த ஜரிகைச் சேலை, முன்பக்கம் கொசுவத்தை இழுத்து விசிறி போல விரித்துச் செருகியது. மேலே தாவணி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடை. டூட்டூவோடு ஒப்பிட்டால் போர்வை என்றே சொல்லலாம்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது எது ஆபாசம் ஆனது? போர்வை. எது உயர் கலை ஆனது? டூட்டூ. தோழிகளே, இந்த ஒரு இடத்தில் என்னுடைய மனு கிழிந்து போகிறது. ஆபாசம் துணியின் அளவில் இருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது. உடுத்தியவள் எந்தச் சாதி, அவளுக்குப் பணம் கொடுப்பவன் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதில்தான் ஆபாசம் இருந்திருக்கிறது. துணி பிறகு வந்த சாக்கு.

1920களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல், ருஷ்ய பாலே நட்சத்திரமான அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலேயும் கற்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதாகச் சொல்வார்கள். ருக்மிணி தேவி தேடி வந்து மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்றார். 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ராவாகப் பின்னால் வளர்ந்த நிறுவனத்தைத் தொடங்கினார். கூடவே உடையையும் மாற்றினார். சேலையைக் கட்டுவதற்குப் பதிலாகத் துண்டு துண்டாக வெட்டித் தைத்த உடை: கால்சட்டை, விசிறி, ரவிக்கை, மேலாக்கு, இடைத்துணி. பழைய கோயில் சிற்பங்களைப் பார்த்து வடிவமைத்தது என்றார்கள். தைத்து உருவாக்கியதில் அடையாறில் இருந்த ஐரோப்பியத் தையல் கலைஞர் ஒருவரின் கையும் உண்டு.

தைத்த உடையில் எனக்குக் குறை இல்லை. அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி விரிவது அழகு. கொக்கி மாட்டினால் பத்து நிமிடத்தில் தயாராகிவிடலாம். என் அண்ணன் மகளுக்கு அரங்கேற்றம் நடந்தபோது காஞ்சிபுரம் பட்டெடுத்து அளவு கொடுத்துத் தைத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. என் கேள்வி வேறு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடையை எதற்காகச் 'சுத்தம்' செய்ய வேண்டியிருந்தது? புதிய உடை அதிகமாக எதையும் மூடவில்லை. 'இதை உடுத்தியிருப்பவள் அவள் இல்லை' என்று சபைக்குச் சொன்னது. அதுதான் அதன் வேலை. நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாம் என்று சபை ஒப்புக்கொள்ள, அதுவரை ஆடிய பெண்ணின் சேலையை மேடையிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. பாலசரஸ்வதி கடைசி வரை தைத்த உடைக்கு மாறாமல் சேலை கட்டியே ஆடினார். அவர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இங்கே என் மாவட்டத்தின் மகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். தந்தை மகாராஜா கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் படித்து, 1912இல் மருத்துவர் ஆகி, 1927இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குப் போய், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். 1947இல் சட்டம் வந்தது. அந்த மரபுக்குள்ளிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். சிறுமிகளின் கழுத்தில் பொட்டுக் கட்டி அவர்கள் வாழ்க்கையைப் பிறர் தீர்மானித்தது கொடுமை. அதை ஒழித்தது சரி. அதில் எனக்கு அரை அட்சரம்கூட மாற்றுக் கருத்து இல்லை. பழைய மரபைப் பொற்காலமாக்கும் பேச்சுக்கு என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வழக்கத்தை ஒழிப்பதற்கும் அதில் சிக்கிய பெண்ணை ஒழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பொட்டுக் கட்டச் சொன்னவர்களும் கொடுத்து வைத்துக்கொண்ட மிராசுதார்களும் தங்கள் வீட்டில் மரியாதையோடு இருந்தார்கள். ஆட்டத்தை விட்டவள் அவள். அதே ஆட்டம் புதுப் பெயரோடும் புது உடையோடும் சபா மேடை ஏறியபோது கீழே நின்று பார்த்தவளும் அவள். எங்கள் மாவட்டத்திலேயே விராலிமலையில் முத்துக்கண்ணம்மாள் இருக்கிறார். ஏழு வயதில் முருகன் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்; அங்கே இருந்த 32 பேரில் ஒருவர். சதிரைத் தன் உடம்பில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தவருக்கு 2022இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது. என் அண்ணன் மகள் எட்டு ஆண்டு பரதம் கற்றாள். தான் உடுத்திய பட்டு உடைக்கு முன்னால் ஒரு சேலை இருந்தது, அதைக் கட்டியவர் தன் மாவட்டத்திலேயே வாழ்கிறார் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

இப்போது திருவிழாத் திடலுக்கு வருகிறேன். கரகாட்டக்காரி இன்று உடுத்துவது என்ன? ஜிகினா வைத்த ரவிக்கை, அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த குட்டைப் பாவாடை. தூரத்திலிருந்து பார்த்தால் டூட்டூதான். காலில் 'ஸ்கின் கலர்' என்று கடையில் விற்கும் கால்சட்டை. அது அவள் தோல் நிறமும் இல்லை, எங்கள் ஊரில் யாருடைய தோல் நிறமும் இல்லை. பாலேயிலும் இதே கதைதான்: வெள்ளைத் தோலுக்கென்று செய்த ரோஜா நிறக் காலணியைக் கறுப்பு நடனக்காரிகள் காலம் காலமாகத் தாங்களே சாயம் பூசி மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டனில் பாலே பிளாக் குழுவுக்காக ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிற நுனிக்கால் காலணிகளைக் கொண்டுவந்ததே 2018இல்தான். நம் கரகாட்டக்காரிக்கு அந்த மரியாதையும் வரவில்லை.

தலையில் கரகம் சாயாமல், கீழே கிடக்கும் ரூபாய் நோட்டை வளைந்து எடுக்கும் அந்த உடம்பின் பயிற்சியைப் பற்றி என் மனுவில் ஒரு வரி இல்லை. அவள் எங்கே உடை மாற்றினாள் என்றும் இல்லை. வேனுக்குப் பின்னால், இன்னொருத்தி சேலையை மறைப்பாகப் பிடிக்க, அவள் உடை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்துதான் மனு எழுதினேன். போட்டோ கேட்டு வாங்கியவர், உடையைப் பார்த்து விலை பேசியவர், ரவிக்கையில் பணம் குத்த மேடை ஏறியவர் யாரும் என் மனுவில் இல்லை. அவர்களில் சிலர் மறுநாள் காலையில் டீக்கடையில் 'கலிகாலம்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனு அவர்களுடைய வேலையைத்தான் செய்தது.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர்நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளைப் படித்திருப்பீர்கள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியைத் தூண்டும் எதுவும் கூடாது. தேவையான நிபந்தனைகள்தான். ஆனால் திடலில் அவை எப்படி நிறைவேறுகின்றன? ஏதாவது பிரச்சினை என்றால் ஆட்டம் நிற்கிறது. பாதிச் சம்பளத்தோடு செட்டு ஊர் திரும்புகிறது. கமிட்டிக்காரருக்குத் திருவிழா நிற்பதில்லை. அடுத்த ஆண்டு பரிவட்டமும் நிற்பதில்லை.

சிலர் கேட்பார்கள்: குட்டைப் பாவாடை உடுத்துவது அவள் உரிமை இல்லையா? நீங்கள் பெண்ணியம் பேசுகிறவர் ஆயிற்றே? உரிமைதான். அவள் விரும்பினால் முழங்காலுக்கு மேலே உடுத்தட்டும். கமார்கோ மாதிரி, தன் கால் வேலை தெரிய வேண்டும் என்று உடுத்தட்டும். உரிமையா கட்டாயமா என்று சோதிக்க ஒரே வழிதான் உண்டு: அதை மறுத்தாலும் அதே சம்பளம் அவளுக்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது உரிமை. கிடைக்காது என்றால் அது எம்மா லிவ்ரி எழுதிக் கொடுத்த கடிதம்.

ஆகவே இந்த ஆண்டு வேறொரு மனு எழுதியிருக்கிறேன். கரகாட்டம் திரும்ப வர வேண்டும். உடையை ஆடுபவர் முடிவு செய்வார் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். உடையை வைத்துச் சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை வேண்டும். பணம் குத்துகிறேன் என்று மேடை ஏறுபவரை இறக்குவது கமிட்டியின் பொறுப்பு. தவறினால் வழக்கு கமிட்டி மேல் வர வேண்டும். நடுவில் ஆட்டம் நின்றால் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். கமிட்டியில் பெண்கள் இருக்க வேண்டும்.

முதல் மனுவுக்கு ஒரே மாலையில் கையெழுத்து வாங்கினேன். இதற்கு இதுவரை ஆறு பேர்தான் போட்டிருக்கிறார்கள். "எதுக்கு வம்பு?" என்கிறார்கள் மற்றவர்கள். ஆடுகிறவள் மேல் மனு கொடுப்பது வம்பில்லை, அட்வான்ஸ் கொடுத்தவர் மேல் கொடுப்பது வம்பு. ஏனென்றால் அவர்கள் நம் வீட்டு ஆண்கள். பாவாடையை வெட்டிய கத்தரிக்கோல் நம் வீட்டிலேயே இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழாவில் அடுத்த முறை ஒருத்தி ஆடும்போது, அவள் பாவாடை எங்கே முடிகிறது என்று அளப்பதை நிறுத்துங்கள். திரும்பி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். பெயர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். மனுவில் எழுத வேண்டியவை அந்தப் பெயர்கள்தான்.